கன்டினியூட்டிக்காக ஒரு தாலி

சனி ஞாயிறுகளில் ஜோனத்தன் கல்யாணங்களைப் படம் பிடிப்பான். திங்கள் முதல் வெள்ளி வரை கல்யாணங்களை ஏசுவான். இரண்டிலும் அவன் கைதேர்ந்தவன் என்பதைத் தாமரை ஒருபோதும் மறுத்ததில்லை.

மண்டபத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். மாப்பிள்ளை தாலியைக் கட்டி முடித்து நெற்றி வியர்வையைத் துடைக்கும்போது, "பாஸ், ஆங்கிள் சரியா விழல, இன்னொரு வாட்டி லா" என்பான். ஐயர் முறைப்பார். நாதஸ்வரக்காரர் மறுபடியும் கன்னத்தை உப்புவார். மாப்பிள்ளை, கட்டிய மனைவிக்கே இன்னொரு முறை கட்டுவார். கிள்ளானிலும் காப்பாரிலும் எத்தனையோ குடும்பங்கள் ஆசையாகப் போட்டுப் பார்ப்பது இரண்டாம் தடவை கட்டியதைத்தான். திங்கட்கிழமை பிரிக்பீல்ட்ஸ் மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே அதே ஜோனத்தன், "கல்யாணங்கிறது ஒரு பெர்ஃபார்மன்ஸ், தாமரை. உண்மையான காதலுக்கு ஆடியன்ஸ் தேவையில்ல" என்பான். பக்கத்து மேசைக்கும் கேட்கும்படிதான் சொல்வான்.

தாமரைக்குக் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை. எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் எப்போது போகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தவள், தன் விஷயத்தில் மட்டும் தேதி கேட்டு நின்றாள். ஜோனத்தன் முதலில் "குறும்படம் முடியட்டும்" என்றான். முடிந்தது. "வெப் சீரிஸ் முடியட்டும்" என்றான். அது முடியாமலே நின்றுபோனதில் சில வருடங்கள் போயின. பிறகு, "முழுநீளப் படம் ஒன்னு. அப்புறம் நம்ம விஷயம்தான்."

அவள் பெரிதாக எதையும் கேட்கவில்லை. கோயிலோ, சர்ச்சோ, புத்ராஜெயா பதிவு அலுவலகத்துப் பிளாஸ்டிக் நாற்காலியோ, எதுவானாலும் சம்மதம். நாலு பேர் முன்னால் "இவள் என் மனைவி" என்று அவன் ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

படத்தின் பெயர் 'அரைப்புள்ளி'. சுவரொட்டியில் கறுப்புப் பின்னணியில் ஓர் அரைப்புள்ளி மட்டும் இருந்தது. தாமரையின் அம்மா வீரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அச்சுல பேரு விட்டுப் போச்சா?" என்று கேட்டாள். கீழே சின்ன எழுத்தில் 'ஒரு சுயாதீனக் காதல் காவியம்' என்று போட்டிருந்தது. பணம் கேட்ட இடத்திலெல்லாம் கைவிரித்துவிட்டதால் கிடைத்த சுயாதீனம் அது.

கதையும் சுருக்கம்தான். ஒருவனும் ஒருத்தியும் காதலிக்கிறார்கள். கல்யாணம் நடக்கிறது. அவன் கலைஞன், ஆகவே போய்விடுகிறான். அவள் காத்திருக்கிறாள். மீதிப் படம் முழுக்கக் காத்திருக்கிறாள். பேசிவைத்த நடிகைக்கு டிவி தொடர் கிடைத்துவிட்டதால் அந்த வேடம் தாமரைக்கு வந்தது. காத்திருப்பதற்கு அவளுக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. நாயகன் ஜோனத்தன்தான். அந்தப் பாத்திரத்தின் ஆழம் வேறு யாருக்கும் பிடிபடாதாம்.

கல்யாணக் காட்சியைக் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் ஒரு சின்னக் கோயிலில் எடுத்தார்கள். செட்டு போட வழியில்லை என்பதை "ரியலிசம்" என்று சொல்லிக்கொண்டார்கள். குருக்கள் நிஜம். மேளக்காரர்கள் நிஜம். கூட்டமாக உட்கார்ந்திருந்த பெண்களும் அந்தக் கோயில் மாதர் பிரிவுக்காரர்கள்தான். பட்டுப்புடவையும் பூவுமாக, நிஜக் கல்யாணத்துக்கு வந்த மாதிரியே வந்திருந்தார்கள்.

வீரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "தம்பி, ரெண்டு முடிச்சோட நிறுத்திக்கணும். மூணாவது முடிச்சு விழுந்துட்டா பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு. அப்புறம் நான் ஒத்துக்க மாட்டேன்."

"ஓகே ஆன்டி. கல்ச்சர நான் ரெஸ்பெக்ட் பண்றேன்" என்றான் ஜோனத்தன். அதோடு சரி, அந்த நிபந்தனையை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அவனுடைய தங்கை ஷார்மைன்தான் மேக்கப், உடை, சாப்பாடு, கன்டினியூட்டி எல்லாம். கன்டினியூட்டி என்றால், ஒரு ஷாட்டில் பொட்டு எங்கே இருந்ததோ அடுத்த ஷாட்டிலும் அங்கேயே இருக்கிறதா, பூ வாடாமல் இருக்கிறதா என்று போனில் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். கல்யாணம் என்றால் அவளுக்கு மோதிரம்தான். தாலியின் மூன்றாம் முடிச்சை நாத்தனார் போடுவது வழக்கம் என்று எங்கோ கேட்டு, அந்த நாத்தனார் வேடத்தையும் அண்ணன் அவள் தலையிலேயே கட்டியிருந்தான்.

தாலி புதுக் கயிறு. மஞ்சள் பூசி வழுவழுவென்று இருந்தது. ஜோனத்தன் ரெண்டு முடிச்சு போடுவான், கேமராக்கார கன்னையா "லைட் போச்சு ப்ரோ" என்பான், திரும்ப ஆரம்பிப்பதற்குள் முடிச்சு நழுவித் தாலி மடியில் விழும். குருக்கள் மறுபடி மந்திரம் சொல்வார். மேளம் மறுபடி கொட்டும். மாதர் பிரிவு அட்சதைக்கு அரிசி தீர்ந்து பக்கத்து வீட்டில் வாங்கி வந்தது. வெயில் சாயத் தொடங்கியது.

ஷார்மைனுக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்த டேக்கில் அண்ணனின் ரெண்டு முடிச்சுக்கு மேல் தன் பங்கை இறுக்கிப் போட்டாள். அதன் மேல் இன்னொரு முறுக்கு, அதன் மேல் ஓர் இழுப்பு. பார்சல் கட்டுவது மாதிரி.

"இப்ப அவுழுதான்னு பாப்போம் லா" என்றாள்.

பிடரியில் கயிறு இறுகுவதைத் தாமரை உணர்ந்தாள். 'ஷார்மைன், போதும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள்.

ஓரத்தில், சாப்பாட்டுக்கு வந்த மீஹூன் பொட்டலங்களுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த வீரம்மா எழுந்துவிட்டாள். "ஐயோ, மூணையும் போட்டுட்டாளே! பாவி மக, மூணையும் போட்டுட்டாளே!"

"ஆன்டி, ரிலேக்ஸ். அது ப்ராப்" என்றான் ஜோனத்தன்.

"எது?"

"சும்மா சாமான் ஆன்டி. ஷூட்டிங் சாமான்."

"தாலி சாமான். சரி. ஐயரு சொன்ன மந்திரமும் சாமானா?"

எல்லோரும் குருக்களைப் பார்த்தார்கள். அவர் பூணூலைச் சரிசெய்துகொண்டார். "என்னைய ஏம்மா பாக்கறேள்? நேக்கு நடிக்கத் தெரியாது. வாயைத் திறந்தா அதுதான் வரும். நட்சத்திரம் கூடக் கேட்டேன், அந்தப் பொண்ணு ரோகிணின்னு சொல்லித்து."

மாதர் பிரிவிலிருந்து ஓர் அம்மாள், "நாங்களும் மனசார வாழ்த்தித்தான் அட்சதை போட்டோம்" என்றாள். "வேற எப்படிப் போடுறது?"

வீரம்மா தலையில் கைவைத்துக்கொண்டு தேம்பி அழுதாள். கன்னையா தயங்கி கேமராவை இறக்கப் போனான். ஜோனத்தன் பல்லைக் கடித்துக்கொண்டு, "கட் பண்ணாத, கட் பண்ணாத! ஆன்டி முகத்துக்குப் போ!" என்றான்.

அந்த அழுகைதான் பிறகு படத்தில் 'மகளைப் பிரியும் தாயின் கண்ணீர்' ஆனது.

பேக்கப் ஆகும்போது தாமரை கேட்டாள். "ஜோ, இத என்ன பண்றது?"

அவன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். "கழட்டாத. விட்டுப்போன ஷாட்டுக்கெல்லாம் பேட்ச் ஷூட் பாக்கி இருக்கு. கன்டினியூட்டி."

கழற்றாதே என்று அவன் சொன்னதை மட்டும் அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். காரணத்தைக் கோயிலிலேயே விட்டுவிட்டாள்.

அலுவலகச் சட்டையின் காலருக்குள் மஞ்சள் கயிறு மறைந்து கிடந்தது. வீரம்மா முதல் வாரம் சாப்பிடவில்லை. இரண்டாவது வாரம் ஜோனத்தனுக்கு மருமகன் முறை செய்ய ஆரம்பித்தாள். அவள் பேச்சில் 'தம்பி' போய் 'மாப்பிள்ளை' ஆனார். தீபாவளிக்குப் பட்டு வேட்டி போயிற்று. அவன் அதைக் கட்டிக்கொண்டு பட விளம்பரத்துக்குப் படம் எடுத்துக்கொண்டான். நண்டு வாங்கும் நாளெல்லாம் பிரிக்பீல்ட்ஸில் அவன் வீட்டுக்கு ஒரு டப்பா போயிற்று. டப்பா கழுவித் திரும்பி வந்தது, ஒரு தடவை கூட அவன் வரவில்லை.

"வேதக்காரப் பிள்ளதான், சர்ச்சுக்குப் போற குடும்பந்தான், இருக்கட்டும்" என்றாள் வீரம்மா அக்கம்பக்கத்தில். "சாமி பாத்து முடிச்சு வச்சிருச்சு. நாம என்ன செய்ய?"

ஷார்மைனுக்கு மட்டும் உறுத்தல். ஒருநாள் தாமரையைத் தேடிக் கிள்ளானுக்கே வந்தாள். "அக்கா, சாரிக்கா. எனக்குத் தெரியாதுக்கா. ஆனா அவனப் பத்தித் தெரியும். அவன் கழட்டுன்னும் சொல்ல மாட்டான், கட்டிக்கிறேன்னும் சொல்ல மாட்டான். நீங்களா கேட்டுருங்க."

தாமரை கேட்டாள். பேட்ச் ஷூட் முடிந்து எடிட்டிங்கும் முடிந்திருந்தது. மாமாக் கடையில் அவன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டாங்க, ஜோ. எனக்கு ஒரு பதில் வேணும். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அதை நன்றாகவே செய்வான். "பிரீமியர் அன்னைக்கு ஸ்டேஜ்ல வச்சு சொல்றேன். எல்லார் முன்னாடியும். ஆன்டியக் கூட்டிட்டு வா."

வீரம்மா புதுப் புடவை எடுத்தாள்.

பிரீமியர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தலைமை தாங்க வேண்டிய பிரமுகர், டத்தோ பட்டம் வாங்கியவர், வராததால் படம் அவர் இல்லாமலே தொடங்கியது. தாலி கட்டும் காட்சி ஓடும்போது அவர் வந்துவிட்டார். படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். திரையில் தாமரையின் கழுத்துக்கு அருகே ஜோனத்தனின் கைகள் அந்தரத்தில் நின்றன. அதன் முன்னால் டத்தோவுக்கு மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு. டத்தோ, சமுதாயம் வணிகத்தில் காலூன்ற வேண்டும் என்று விரிவாகப் பேசினார். இன்னொரு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லி, உட்காராமலே கிளம்பினார். விளக்கு அணைந்தது. கைகள் தாலியைக் கட்டி முடித்தன.

படம் முடிந்ததும் கேள்வி பதில். மேடையில் ஜோனத்தனும் தாமரையும் உட்கார, விமர்சகி ஜோஆன் ஆங்கிலத்தில் நடத்தினாள். தமிழ்ப் படத்தைப் பற்றித் தமிழில் பேசினால் அதன் தரம் குறைந்துவிடும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை; ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முன்வரிசையில் வீரம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காத்திருக்கும் காட்சிகளில் தாமரையின் கண்களில் அப்படி ஒரு வலி எப்படி வந்தது என்று ஜோஆன் கேட்டாள். தாமரை மைக்கை வாங்குவதற்குள் ஜோனத்தன் வாங்கிக்கொண்டான். "அது டைரக்‌ஷன்" என்றான். சிரிப்பு. அந்த உற்சாகத்தில் மேருக் கதையை எடுத்துவிட்டான். வழுக்கும் கயிறு, தங்கை போட்ட முடிச்சு, நடிக்கத் தெரியாத குருக்கள், அலறிய ஆன்டி என்று ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, சிரிப்புக்கு இடம்விட்டுச் சொன்னான். பலமுறை சொல்லிப் பழகிய கதை என்று தாமரைக்குத் தெரிந்தது. 'ஆன்டி' என்று அடிபடுவதைக் கேட்டு வீரம்மாவும் வெட்கத்தோடு சிரித்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுந்து ஆங்கிலத்திலேயே கேட்டாள். "அப்படியானால், நீங்கள் இருவரும் இப்போது கணவன் மனைவியா, இல்லையா?"

மண்டபம் ஓவென்று கூவியது. தாமரை அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஜோனத்தன் தலையைக் கோதிக்கொண்டான். தாமரைக்குப் பழக்கமான கோதல்தான் அது. அதைப் பார்த்ததுமே பதில் பாதி தெரிந்துவிட்டது.

"இல்லை, இல்லை. எந்தக் கல்யாணமும் ஆகவில்லை" என்றான் அழகான ஆங்கிலத்தில். "அது வெறும் ஷூட்டிங் சாமான். தாமரை தொழில் தெரிந்தவள், அவளுக்கு அது புரியும். என்னைக் கேட்டால், நான் சினிமாவைக் கட்டிக்கொண்டவன்."

கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். எல்லோரும் எழுவதைப் பார்த்து வீரம்மாவும் எழுந்தாள். கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும், எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினாள்.

கூட்டம் கலைந்து புகைப்படக்காரர்கள் ஜோனத்தனைச் சூழ்ந்தார்கள். தாமரை மேடையை விட்டு இறங்கி வந்தாள். வீரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் கையைப் பிடித்தாள்.

"சொன்ன மாதிரியே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாருல்ல? இங்கிலீஸ்ல சொல்லிட்டாரா, எனக்குத்தான் விளங்கல. என்ன சொன்னாரு, சொல்லு. அப்படியே சொல்லு."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அம்மா நம்புவாள். அடுத்த படம் வரைக்கும் நண்டு டப்பா போகும், கழுவித் திரும்பி வரும். தாமரை அந்த 'ஆமா'வை வாய் வரைக்கும் கொண்டுவந்தாள். அங்கே ஜோனத்தன் டத்தோ விட்டுப்போன பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்து யோசனையில் இருப்பதுபோல் நின்றான்.

"கல்யாணம் ஆகலன்னு சொன்னாரும்மா. இது சும்மா ஷூட்டிங் சாமானாம்."

வீரம்மா முந்தானையைக் கண்ணிலிருந்து எடுத்தாள். "எந்தக் கேள்விக்கு?"

"நாங்க ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டியான்னு கேட்டதுக்கு."

"அதுக்கா எல்லாரும் கை தட்டுனாங்க?"

"ஆமாம்மா. நீயுந்தான் தட்டுன."

வீரம்மா காலி நாற்காலிகளைப் பார்த்தாள். பிறகு, கடைக்காரன் மிச்சக் காசு கொடுக்க மறந்ததைச் சொல்கிற குரலில், "நீ மேடையிலேர்ந்து ஒரு சாடை காட்டியிருக்கலாம்ல. நான் தட்டியிருக்க மாட்டேன்" என்றாள்.

தாமரை போனில் கிராப் டாக்சி கூப்பிட்டாள். கிள்ளானுக்கு, ரெண்டு பேர்.