ஐஸில் வைத்த ஈஸ்ட்

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தாள். ஈஸ்ட் செல்களுக்குள் ஒரு நூலைக்கூடக் காணோம்.

செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை ஆளுக்குப் பாதியாக இழுத்துக் கொடுப்பவை அந்த நூல்கள், அதாவது நுண்குழல்கள். அவை முளைக்க இடம் காட்டுவது ஒரு புரதம் என்பது அவள் கட்சி. ஆனால் புரதம் உள்ள செல்லிலும் அது இல்லாத செல்லிலும் நேற்றுவரை நூல்கள் ஒரே மாதிரிதான் ஒளிர்ந்தன. வித்தியாசம் காட்டாவிட்டால் மதியக் கூட்டத்தோடு அந்தப் புரதத்துக்கு முழுக்கு என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். இன்றைக்கோ இரண்டுமே மொட்டை.

"அண்ணி, என் ஈஸ்ட் குழாய்களைத் தொட்டீங்களா?"

அவளுடைய அண்ணன் மனைவி, புரதம் பிரித்தெடுக்கும் அறையிலிருந்து போன வாரம்தான் இந்த ஆய்வகத்துக்கு மாறி வந்திருந்தாள். அங்கே எதுவும் ஐஸை விட்டு இறங்கக் கூடாது.

"நீ பாட்டுக்கு மேசையில போட்டுட்டு காபி குடிக்கப் போயிட்ட. கெட்டுப்போகுமேன்னு ஐஸ்ல வச்சேன்."

"ஐயோ! குளிர்ல நூலெல்லாம் கரைஞ்சிடும் அண்ணி!"

"அதை வாயைத் திறந்து சொன்னா என்னவாம்? வீட்டுல மட்டும் வாய் காது வரைக்கும் நீளுது."

"உங்களை யாரு உதவி கேட்டா?"

இப்படியே கொஞ்ச நேரம் போனது. கோபத்தோடு திரும்பி, நுண்ணோக்கியிலிருந்த கண்ணாடித் தகட்டை எடுத்து வீசப் போனவள் கடைசியாக ஒருமுறை உள்ளே பார்த்தாள். அறைச் சூட்டில் நூல்கள் திரும்ப முளைத்துக்கொண்டிருந்தன. புரதம் உள்ள செல்லில் குறித்த இடங்களிலிருந்து, பிசகாமல். தகட்டை மாற்றினாள். புரதம் இல்லாததில் ஒன்றிரண்டு, அதுவும் மனம்போன போக்கில்.

"அண்ணி, சண்டை அப்புறம். ஐஸ்ல இருக்கிறதுல இன்னும் ரெண்டு சொட்டு எடுங்க, சீக்கிரம்!"

இரண்டும் முளைப்பதை முதலிலிருந்து படம் பிடித்தாள்.

கூட்டத்தில் பேராசிரியர் படத்தை இரண்டு தரம் ஓடவிட்டார். "கரைச்சுட்டு முளைக்க விடலாம்னு யாருக்குத் தோணிச்சு?"

"யாருக்கும் தோணல சார். அண்ணி தெரியாம ஐஸ்ல வச்சுட்டாங்க."

"அப்ப தெரிஞ்சே இன்னும் மூணு தடவை வைங்க. இதே மாதிரி வந்தா புரதம் பிழைச்சுது. அதுவரைக்கும் கைவிடல."

வெளியே வந்ததும் அண்ணி அவள் தோளில் இடித்தாள். "தெரியாமன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லணுமா?"

"உண்மைதானே?"

"உண்மைதான். உங்க அண்ணன்கிட்ட மட்டும் யோசனை என்னோடதுன்னு சொல்லிடு."