நாற்பத்து மூன்றாவது விடைத்தாள்

எங்கள் கல்லூரியில் கணிதத்துக்கு நான்கு படிகள். அடிப்படை இயற்கணிதம், சார்புகள், திரிகோணமிதி, கடைசியில் நுண்கணிதம். ஒன்றில் தேறாமல் அடுத்ததில் கால் வைக்க முடியாது. முதல் படிக்கு மூன்று வாய்ப்புதான், மூன்றிலும் கோட்டை விட்டால் கதவு சாத்தப்படும். அந்த முதல் படிக்கு வாத்தியார் நான். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் முட்டை சார்.

பெயர் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வர்க்கமூலம் உள்ள சமன்பாட்டை விடுவிக்க இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்துவோம். அப்படிச் செய்தால் கணக்கு வழிக்கு வரும், ஆனால் சில சமயம் அழையா விருந்தாளியாக ஒரு விடையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். பார்க்க அசல் விடை மாதிரியே இருக்கும். ஆகவே கிடைத்த விடைகளை முதல் வரியில், வர்க்கப்படுத்துவதற்கு முன்னால் இருந்த வரியில், போட்டுப் பார்த்துப் பொருந்தாததைத் தள்ள வேண்டும். இரண்டாவது வரியில் போட்டுப் பார்த்தால் ஏமாந்தோம், அங்கே இரண்டுமே பொருந்தும். இந்தச் சரிபார்ப்பை விட்டவனுக்கு மற்ற வாத்தியார்கள் எட்டுக்கு ஐந்தாவது போடுவார்கள். நான் முட்டை போடுவேன். இருபத்தாறு வருடமாக ஒருவருக்கும் விலக்கு கிடையாது, அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

என் மனைவிக்கும் இரண்டு முறை முட்டைதான் போட்டேன்.

அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். பத்தொன்பது வயதில் படிப்பை விட்டுவிட்டு எனக்குக் கழுத்தை நீட்டியவள். நாற்பத்து நான்காவது வயதில் திடீரென்று என் வகுப்பிலேயே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வீட்டில் என்னை ‘என்னங்க’ என்பாள், வகுப்பில் ‘சார்’ என்பாள். கோபம் வந்தால் மட்டும் வீட்டிலும் முட்டை சார்தான்.

“வளைவுக்குக் கீழே இருக்கிற பரப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு ஒரே ஒரு தடவை நானே போட்டுப் பார்க்கணும். அவ்வளவுதான் என் ஆசை” என்றாள்.

அதற்கு நான்காவது படி வரை ஏற வேண்டும். அவளோ முதல் படியிலேயே இரண்டு முறை சறுக்கினாள், இரண்டு முறையும் அதே இடத்தில். இரண்டு விடையையும் அழகாக எழுதி, இரண்டுக்கும் கட்டம் கட்டி வைத்துவிடுவாள். தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தும் மாறவில்லை.

“வந்தது வந்துடுச்சு, இருந்துட்டுப் போகட்டுமே. அதை விரட்டி என்ன ஆகப்போகுது?” என்பாள்.

“அது பொய் விடை.”

“பாவம், அதுக்குத் தெரியுமா அது பொய்னு?”

இப்படிப் பேசுகிறவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூன்றாவது தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டு என் மேசைக்கு வந்தது. சொந்தக்காரர் தாளை வேறொருவர் திருத்த வேண்டும் என்று அந்தப் பருவம்தான் புது விதி வந்திருந்தது. ஆனால் அந்த வேறொருவர் நீண்ட விடுப்பில் இருந்தார். துறைத் தலைவி சிரித்துக்கொண்டே, “நீங்களே திருத்துங்க. பெண்டாட்டிக்கே ரெண்டு தடவை முட்டை போட்டவர் மேல யாருக்குச் சந்தேகம் வரப்போகுது?” என்றார்.

மத்தியானம் இரண்டு மணி. ஆசிரியர் அறையில் நான் மட்டும். கட்டைப் பிரித்து எண்ணினேன், நாற்பத்து மூன்று. வருகைப் பட்டியலில் இருந்தது நாற்பத்து இரண்டு. மறுபடி எண்ணினேன். பிறகு எண் வாரியாக அடுக்கியபோது என் மனைவியின் பதிவெண்ணில் இரண்டு தாள் இருப்பது தெரிந்தது.

இரண்டும் அவள் கையெழுத்து. இரண்டிலும் மேற்பார்வையாளரின் ஒப்பம். முதல் பக்கத்தில் ஏழு என்ற கேள்வி எண்ணை அடித்துவிட்டு எட்டு என்று எழுதியிருந்தாள், அதுவும் இரண்டிலும் இருந்தது. மூன்றாம் பக்க ஓரத்தில் பேனா கசிந்த கறை, அதே இடத்தில், அதே அளவில். நகல் எடுத்தது இல்லை. பக்கத்தைத் திருப்பித் தடவினால் இரண்டிலும் பேனா அழுத்திய தடம் விரலில் பட்டது.

வரி வரியாக ஒப்பிட்டேன். வர்க்கமூலக் கேள்வி வரை ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. x கூட்டல் 3 என்பதன் வர்க்கமூலம், x கழித்தல் 3-க்குச் சமம். இரண்டு தாளிலும் இரு பக்கமும் வர்க்கப்படுத்தப்பட்டது. இரண்டிலும் ஆறு, ஒன்று என இரண்டு விடை வந்தது. அங்கேதான் பிரிந்தன. ஒரு தாளில் ஆறுக்கும் ஒன்றுக்கும் கட்டம் கட்டியிருந்தது. இன்னொன்றில், ‘முதல் வரியில் சரிபார்க்க’ என்று தலைப்பிட்டு, ஒன்றைப் போட்டுப் பார்த்து, இடப்பக்கம் 2, வலப்பக்கம் மைனஸ் 2, பொருந்தவில்லை என்று எழுதி, அந்த ஒன்றின் மேல் ஒரே கோடு இழுத்திருந்தது.

அந்தக் கோடு நேராக, ஆடாமல் இருந்தது. என் மனைவி ஒரு நாளும் அப்படிக் கோடு போட்டதில்லை.

மற்ற கேள்விகளின் மொத்தம் முப்பத்தாறு. தேற நாற்பது வேண்டும். சரிபார்த்த தாளுக்கு எட்டு போட்டால் நாற்பத்து நான்கு. கட்டம் கட்டிய தாளுக்கு என் கணக்கில் முட்டை, முப்பத்தாறோடு கதவு சாத்தப்படும். ஐந்து போட்டிருந்தால் நாற்பத்தொன்று. அந்த ஐந்து அன்றைக்கு என் நினைவுக்கே வரவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வந்தது. பெண்டாட்டிக்காக வளைந்தான் என்று ஊர் பேசுமே என்று தள்ளினேன்.

எது அவள் தாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தே மற்றதற்கு நாற்பத்து நான்கு போட்டேன். அவள் தாளின் முகப்பில் சிவப்பு மையால் ‘ரத்து’ என்று எழுதி, கிடங்கு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்தச் சாவி என்னிடம்தான் இருக்கும்.

வீட்டுக்குப் போனேன். எப்போதும் போல மேசையில் தேநீர் இருந்தது.

“தேறிட்டே” என்றேன்.

“தெரியும். சரிபார்த்துட்டுத்தான் வந்தேன்” என்றாள். சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. சார்புகளில் தொண்ணூற்றெட்டு, திரிகோணமிதியில் நூறு. துறைத் தலைவி வாய் நிறையப் பாராட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டில் ஒவ்வொன்றாகப் பொருட்கள் குறைந்தன. காது உடைந்த கோப்பைகள் போயின. ஜோடி இல்லாத காலுறைகள் போயின. வாசலுக்கு வரும் தெருப்பூனைக்குத் தினமும் பால் வைத்தவள், ஒரு நாள் கதவைத் திறந்து அதைப் பார்த்தாள், அவ்வளவுதான். அது பிறகு எங்கள் தெருவுக்கே வரவில்லை. என் மேல் கோபமே வரவில்லை அவளுக்கு. முட்டை சார் என்ற சொல் வீட்டில் கேட்டு மாதக்கணக்கானது. எனக்குப் பயமாக இருந்தது.

சோதித்துப் பார்த்தேன். முதல் வாடகை வீட்டில் எந்தக் கதவு சாத்தாது, என் அக்கா கல்யாணத்தில் யாரோடு சண்டை, அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் தீய்த்த பாத்திரம் எது, எல்லாம் கேட்டேன். எதற்கும் தடுமாறவில்லை, தேதியோடு சொன்னாள். கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. என் மாணவர்களைத் திட்டும் அதே தப்பை நான் செய்துகொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் பொதுவான வரியில் போட்டுப் பார்த்தால் இரண்டு பேருமே பொருந்துவார்கள்.

ஒரு மதிய இடைவேளையில் கிடங்குக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். அவள் தாளை எடுத்தேன். இருபத்து நான்கு பக்கப் புத்தகம் அது. நான் ரத்து செய்தபோது பதினான்கு பக்கம் எழுதியிருந்தது. இப்போது இருபத்து மூன்று பக்கம் எழுதியிருந்தது.

அதே கணக்கு. திரும்பத் திரும்ப, அதே கணக்கு. ஒவ்வொரு முறையும் ஆறு, ஒன்று, இரண்டுக்கும் கட்டம். பத்தொன்பதாம் பக்கத்துக்குப் பிறகு இடம் மிச்சம் பிடிக்க எழுத்தைச் சின்னதாக்கியிருந்தாள். கடைசி வரியில் விரல் வைத்தேன், மை இழுபட்டது. இன்னும் காயவில்லை. கிடங்கின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளைப் பரீட்சை அறையிலேயே விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன் என்று புரிந்தது. வாய்விட்டு அழுதேன்.

பேனாவை எடுத்தேன். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக, சரிபார்க்காத விடைக்கு ஐந்து போட்டேன். முகப்பில் ‘ரத்து’ என்பதை அடித்துவிட்டு நாற்பத்தொன்று என்று எழுதினேன். வேலை போனால் போகட்டும், மறுநாள் துறைத் தலைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் நுண்கணிதப் பாடம் போட்டுக்கொண்டிருந்தாள். வளைவுக்குக் கீழே இருக்கும் பரப்பு. விடையை எழுதி, சரிபார்த்து, கோடு இழுத்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. நிமிராமலே பேசினாள்.

“ரெண்டையும் வச்சுக்க முடியாதுங்க. நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?”

நான் சட்டைப் பையில் இருந்த கிடங்குச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“வச்சதை மாத்தாதீங்க. நானும் எல்லாம் சரியாத்தானே செய்யறேன்? எங்கேயாவது தப்பு இருந்தா காட்டுங்க.”

குரலில் மிரட்டல் இல்லை. கெஞ்சினாள். காட்ட என்னிடம் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்குத்தான் அவள் மேல் எனக்குப் பரிதாபம் வந்தது, அது இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் காலை, துறைத் தலைவியிடம் காட்டுவதற்காகத் தாளை எடுக்கப் போனேன். முகப்பில் நாற்பத்தொன்று இல்லை. ‘ரத்து’ மட்டும் இருந்தது, கோடு விழாமல். உள்ளே நான் போட்ட ஐந்தும் இல்லை. அது இருந்த இடத்தில் பொடி எழுத்தில், ‘இன்னும் முடிக்கல சார். அதுக்குள்ள ஏன் மார்க் போடறீங்க?’ என்று இருந்தது.

இருபத்து நான்காம் பக்கத்தில் பாதிதான் மிச்சம். அது நிரம்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை. பரீட்சைப் பிரிவுக்கு ஓடி, கூடுதல் தாள் ஒரு கத்தை வாங்கி வந்தேன். முதல் தாளைத் துளையில் நூல் கோத்து, அவள் தாளோடு சேர்த்துக் கட்டினேன்.

இப்போது அதுதான் என் வேலை. காலையில் முதல் மணிக்கு முன்னால் கிடங்குக்குப் போகிறேன். ஒரு கூடுதல் தாளைக் கட்டுகிறேன். முட்டை சார் என்று எங்காவது எழுதியிருக்கிறாளா என்று ஓரங்களில் தேடுகிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய், அவள் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கும் ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று ஓரத்தில் ஒரு வரி இருந்தது.

‘சார், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?’

அரை மணி இருக்கிறது என்று கீழே எழுதிவிட்டு, அலமாரியைப் பூட்டினேன்.