மஞ்சள் சட்டைக்காரியோடு ஆறு வாரம்

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயதில் கல்யாணம் ஆனது. அதற்கு முன் இருபத்தாறு வருடம் அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அக்கா நூலகத்தில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவள். தங்கை மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். வக்கீல்கள் அவளை 'ஸ்டெனோ அம்மா' என்பார்கள். அக்கா மட்டும் 'குட்டி' என்பாள். ஐம்பத்திரண்டு வயதிலும் எழுபத்தொன்பது கிலோவிலும் அவள் குட்டிதான்.

மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் வரைந்தவர். பழைய வரைபடம் ஒன்றைத் தேடி ஆறு மணி நேரம் ரயிலில் வந்து, அக்கா வேலை பார்த்த நூலகத்தில் ஏறி இறங்கினார். வரைபடம் கிடைத்த பிறகும் வந்துகொண்டேயிருந்தார். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. தங்கைதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் அக்கா அவருடைய ஊருக்குப் போய்விட்டாள்.

அவரை 'அத்தான்' என்று கூப்பிடத் தங்கைக்கு வாய் வரவில்லை. போனில் "அவர் நல்லா இருக்காரா?" என்று கேட்டுச் சமாளித்தாள்.

தனியாக இருப்பது பற்றி அவள் பெரிதாகப் பயந்திருக்கவில்லை. ஆனால் சாயங்காலம் கதவைத் திறந்தால், காலையில் மேசை மேல் வைத்த டம்ளர் அதே இடத்தில், அதே கோணத்தில் இருந்தது. வீட்டில் ஒரு பொருள் கூட அவள் நகர்த்தாமல் நகரவில்லை. நாள் முழுக்க நீதிமன்றத்தில் மற்றவர்கள் பேசியதை எழுதினாள். சனி, ஞாயிறு யாரும் பேசவில்லை. ஞாயிறு மாலை அக்காவின் போன் வரும்போது தொண்டை கட்டிப்போயிருக்கும்.

"என்ன குட்டி, சளியா?"

"இல்ல. இப்பத்தான் வாயத் திறக்கறேன்."

அக்கா சிரிப்பாள். தங்கையும் கூடச் சிரித்துவைப்பாள்.

ஒரு திங்கட்கிழமை நீதிமன்றத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி இருக்கையில் உட்கார்ந்தபோது நெஞ்சு பட்டறை மாதிரி அடித்தது. நீதிபதி வந்துவிட்டார். சாட்சி பேச ஆரம்பித்துவிட்டார். பென்சில் பிடித்த கை நடுங்கியதில் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. சுருக்கெழுத்தில் ஒரு கோடு கொஞ்சம் தடித்தாலே வேறு எழுத்தாகிவிடும். நீதிபதி கவனித்துவிட்டார்.

"கொஞ்சம் நிறுத்துங்க. அம்மா, தண்ணி குடிங்க. அவசரமில்ல."

நாற்பது பேர் அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு வருட வேலையில் அவளுக்காக விசாரணை நின்றது அன்றுதான்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார். முழங்காலை அழுத்திப் பார்த்தார். "நடந்தா இது வலிக்கும். சைக்கிள் மிதிங்க. உடம்புப் பாரம் கால்ல இறங்காது."

"இந்த டிராஃபிக்லயா டாக்டர்?"

"வீட்டுக்குள்ளயே மிதிக்கலாமே."

அதை அக்காவிடம் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். அடுத்த வாரமே லாரி பார்சலில் இரண்டு பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்றில் பின்சக்கரம் இல்லாத சைக்கிள். இன்னொன்றில் அந்தச் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டுகிற, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிற ஒரு இரும்புக் கருவி.

"அவரோடதுதான்," என்றாள் அக்கா. "இதய ஆபரேஷனுக்கு அப்புறம் வாங்கினது. இப்ப காலையில நாங்க ரெண்டு பேரும் நடக்கப் போறோம் பாரு, அவருக்கு இது தேவைப்படல."

நாங்க ரெண்டு பேரும். தங்கை அந்தச் சொற்களை மனதுக்குள் சுருக்கெழுத்தில் எழுதிப் பார்த்தாள். மூன்றே கோடுதான் வந்தது.

வண்டியை அக்காவின் அறையில் வைத்தாள். வேறு இடமில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அவர் அங்கிருந்து சொல்லச் சொல்ல இவள் இங்கே மாட்டினாள்.

"செயின் பல்லுல உக்காந்திருச்சா பாருங்க."

"உக்காந்திருச்சு."

"கீழ பழைய பாய் ஏதாவது போடுங்க, சத்தம் கீழ்வீட்டுக்குப் போகாது. எதிர்ல ஃபேன் கண்டிப்பா வேணும். ஃபேன் இல்லாம மிதிச்சா வேர்வையில நனைஞ்சு போயிருவீங்க. சீட்டுல உக்காந்து குதிகால மிதியில வைங்க. கால் நேரா நீளுதா?"

"மடங்குது."

"அப்ப சீட்டைக் கொஞ்சம் தூக்கணும். முழங்காலைக் காப்பாத்தறதே அதுதான்."

வரைபடம் போட்டவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. விரற்கடை அளவுக்கு ஏற்றச் சொன்னார், இறக்கச் சொன்னார். அவளுக்குச் சலித்தது, ஆனால் மறுக்க ஒன்றுமில்லை.

டேப்லெட்டைக் கைப்பிடிக்கு முன்னால் ஸ்டூலில் நிறுத்தி, அவர் சொன்ன சைக்கிள் ஆப்பைத் திறந்தாள். பெயர் கேட்டது. 'ஸ்டெனோ' என்று போட்டாள். எடை கேட்டது. அறையில் யாருமில்லாதபோதும் திரும்பிப் பார்த்துவிட்டு அறுபத்தைந்து என்று போட்டாள்.

திரையில் கடற்கரையை ஒட்டி ஒரு சாலை விரிந்தது. எந்த நாட்டிலும் இல்லாத சாலை. அதில் ஒல்லியாக ஒரு பெண் சைக்கிளில் உட்கார்ந்திருந்தாள். அதுதான் தான் என்று நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மிதித்தால் அந்தப் பெண் நகர்ந்தாள். மேடு வந்தால் இங்கே மிதி கனத்தது. முன்னாலும் பின்னாலும் எங்கெங்கோ இருந்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எட்டாவது நிமிடம் அவள் இறங்கிப் பாயில் உட்கார்ந்தாள். பிறகு எங்குமே உட்கார முடியவில்லை. மறுநாள் நீதிமன்றத்தில் துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"முதல் வாரம் பத்து நிமிஷம் போதும்," என்றார் அவர். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் மிதிங்க. உக்கார்ற இடம் தானாப் பழகிரும். வேகம் சரியான்னு தெரிஞ்சுக்க ஒரே வழிதான். பேசிக்கிட்டே மிதிக்க முடியணும். பேச முடியலன்னா அதிகம்னு அர்த்தம்."

"யார்கிட்ட பேசறது?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. அப்படித்தான் வந்துவிட்டது.

"அதுவும் சரிதான்," என்றார்.

மஞ்சள் சட்டைக்காரியை அவள் கண்டது இரண்டாம் வாரத்தில். காலை ஐந்தரைக்கு எப்போது திரையைத் திறந்தாலும் அவள் அந்தச் சாலையில் இருந்தாள். அவளைச் சுற்றி ஏழெட்டுப் பேர் போவார்கள், வருவார்கள். அவள் மட்டும் வேகமும் எடுக்க மாட்டாள், சோரவும் மாட்டாள். ஸ்டெனோ அம்மாவுக்கு ஏற்ற வேகம். அவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் மூச்சு வாங்காமல் போகலாம் என்று தெரிந்ததும் தினமும் அவளைத் தேடிப் பிடித்தாள். மூன்றாம் நாள் வாய்விட்டு, "வந்துட்டேன்," என்றாள்.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. முதலில் மூச்சுக்கு இரண்டு சொல்தான் வந்தது. "நேத்து கோர்ட்ல... ஒரு வழக்கு..." அதற்கு மேல் இழுக்காது. நான்காம் வாரத்தில் முழு வாக்கியம் வந்தது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று அளந்தே பிழைத்தவள், தன் உடம்பு தேறுவதையும் அப்படித்தான் அளந்தாள். பாகப்பிரிவினை வழக்கில் அண்ணன் தம்பி ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேப்பரைப் பகிர்ந்து படித்ததைச் சொன்னாள். இளம் வக்கீல் ஒருவர் கட்சிக்காரர் பெயரையே மறந்துபோய் விழித்ததைச் சொன்னாள். ஒரு நாள் சாட்சி ஒருவர் உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டேன் என்று உறுதி சொன்னதை எழுதிவிட்டு வந்தவள், ஆப்பில் அறுபத்தைந்தை அழித்து உள்ளபடி எழுபத்தேழு என்று போட்டாள். அன்று மேட்டில் மிதி கல்லாய்க் கனத்தது. மஞ்சள் சட்டைக்காரி நிற்கவில்லை. அவள் முதுகு சிறுத்துச் சிறுத்துப் போனது. மறுபடி அவளை எட்டிப் பிடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. பிடித்த அன்று, "என் உண்மையான எடையோட வந்திருக்கேன்," என்றாள்.

யாரிடமும் சொல்லாத ஒன்றையும் அவளிடம் சொன்னாள். பதிவு அலுவலகத்தில் அவள் போட்டது அவளுடைய கையெழுத்தே இல்லை. வேண்டுமென்றே கடைசிச் சுழியை விட்டுவிட்டு, எழுத்தைச் சாய்த்துப் போட்டாள். அடையாள அட்டையோடு ஒத்துப் பார்ப்பார்கள், பொருந்தவில்லை என்று நிறுத்துவார்கள், இன்னொரு நாள் வரச் சொல்வார்கள் என்று ஒரு நப்பாசை. ஒரே ஒரு நாளாவது தள்ளிப் போகட்டும் என்றுதான். எழுத்தர் பார்க்கக்கூட இல்லை. முத்திரையைக் குத்திவிட்டார்.

அதைச் சொல்லி முடித்தபோது மேடு முடிந்து சாலை இறங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் சட்டைக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே ஸ்டெனோ அம்மாவுக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த ஞாயிறு போனில் அவரிடம் கேட்டாள். "கூட வர்றவங்களுக்குச் செய்தி அனுப்பலாமாமே, எப்படி? மஞ்சள் சட்டை போட்டு ஒருத்தங்க தினமும் வர்றாங்க. ஆறு வாரமாப் பழக்கம்."

அவர் தயங்கினார். "மஞ்சள் சட்டை... எப்பவும் ஒரே வேகமா?"

"ஆமா."

"அது ஆள் இல்லைங்க. கம்ப்யூட்டரே ஓட்டறது. புதுசா வர்றவங்க கூடவே போகட்டும்னு விட்டிருக்காங்க."

"ஓ. தெரியும். சும்மாதான் கேட்டேன்," என்றாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தாள். அடுப்பில் ஒன்றுமில்லை.

தன் முட்டாள்தனம் ஒரு பக்கம் இருக்கட்டும். காது கொடுத்துக் கேட்ட ஒருத்தியை ஒரு வாக்கியத்தில் இழந்தது வேறு மாதிரி வலித்தது. இத்தனை நாள் அந்த அறையில் அவள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். அக்காவின் அறைக் கதவைச் சாத்தினாள். ஒன்பது நாள் திறக்கவில்லை. நீதிமன்றத்தில் யாரோ, "ஸ்டெனோ அம்மா இளைச்சிட்டீங்களே," என்றதற்கு, "அப்படியா," என்று மட்டும் சொன்னாள்.

பத்தாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது போன் வந்தது. அவர்தான்.

"உங்க அக்கா கடைக்குப் போயிருக்கா. அதான் கூப்பிட்டேன். ஒன்பது நாளா உங்களைக் காணோமே?"

"எங்க காணோம்?"

"ஆப்புல. நீங்க மிதிச்சா என் ஆப்புலயும் காட்டும். தினம் பார்ப்பேன். இருபத்திரண்டு நிமிஷம், முப்பது நிமிஷம்னு வரும். ஒன்பது நாளா ஒன்னுமே வரல."

அவள் செருப்பை மாட்டாமல் நின்றாள்.

"முதல் மனைவி இறந்த வருஷம் நானும் அது கூடத்தான் மிதிச்சேன்," என்றார் அவர். "ஆள் இல்லைன்னு தெரிஞ்சேதான் காலை வணக்கம் சொல்லுவேன். வீட்டுல அந்த ஒரு வார்த்தையாவது கேக்கட்டும்னு."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். எதற்கு அப்போது சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் ஒன்னு சொல்லணும். உங்க கல்யாணத்துல நான் போட்ட கையெழுத்து..."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"முன்னாடி விண்ணப்பத்துல போட்டீங்களே, அதுல சுழி இருந்துச்சு. கல்யாணத்தன்னைக்கு இல்ல. கோடு மாறினா என் கண்ணுல படாம போகாது."

"அப்புறம் ஏன் ஒன்னும் சொல்லல?"

"என்ன சொல்றது? இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளைக் கூட்டிட்டுப் போறேன். ஒரு சுழிதானே."

"அக்காவுக்கு?"

"நான் சொல்லல. சொல்றதா இருந்தா நீங்க சொல்லுங்க. இல்லைன்னா விடுங்க."

தெருவில் பால் வண்டி ஒன்று நின்று கிளம்பியது. "நேரமாச்சு," என்றாள். "வைக்கட்டுமா அத்தான்?"

"சரிம்மா," என்றார் அவர்.

மறுநாள் கதவைத் திறந்தாள். கைப்பிடியில் தூசி படிந்திருந்தது. மஞ்சள் சட்டைக்காரி வழக்கமான இடத்தில் போய்க்கொண்டிருந்தாள். ஸ்டெனோ அம்மா அவள் பின்னால் சேர்ந்துகொண்டாள். ஒன்றும் பேசவில்லை. சுற்றியிருந்தவர்கள் நிஜ ஆட்கள் என்பதை அன்றுதான் கவனித்தாள். யாரோ ஒருவர் மேட்டில் திணறிப் பின்தங்கினார். என்ன செய்வது என்று தெரியாமல், திரையில் கட்டை விரல் படத்தைத் தொட்டாள். கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு கட்டை விரலைத் திருப்பி அனுப்பினார். அவ்வளவுதான். அவர் எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது.

மூன்றாவது மாதம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது. டாக்டர் தாளைத் திருப்பி அவளுக்குக் காட்டினார்.

அதற்கடுத்த வாரம் அக்கா இரண்டு நாள் வந்தாள். தன் அறையில் வண்டி நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். கட்டிலைச் சுவரோரம் ஒதுக்கியதையும் அலமாரி மேல் துண்டுகள் அடுக்கியிருப்பதையும் பார்த்தாள். பையைத் தங்கையின் அறையில் வைத்தாள். மறுநாள் காலை நாற்காலி போட்டு உட்கார்ந்து, தங்கை மிதிப்பதைப் பார்த்தாள்.

"யாரு அந்த மஞ்சள் சட்டை?"

"ஆள் இல்லக்கா. கம்ப்யூட்டர்."

"பாவம்," என்றாள் அக்கா.

யாரைச் சொன்னாள் என்று தங்கை கேட்கவில்லை. கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். மூச்சு நன்றாகத்தான் இருந்தது, பேச முடிந்திருக்கும். ஆனால் அக்கா குனிந்து ஃபேனை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தாள். அந்தக் காற்றில் தங்கை அதை அப்படியே விட்டுவிட்டாள்.

அக்காவின் ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. தங்கை ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நடந்தே வந்தாள். முழங்கால் வலிக்கவில்லை. மறுநாள் புதன்கிழமை, மூன்று வழக்குகள் விசாரணைக்கு இருந்தன. பென்சில்களைச் சீவி வைத்தாள்.