நீச்சல் குளம் உள்ள காலேஜ்

மீன்பிடித் தடைக்காலத்தில் காலேஜ் தேடப் போனால் இந்தக் கதிதான். மீன்பிடி போட்டு காசிமேட்டில் கட்டிக் கிடக்க, செங்கொடியின் அப்பா பாஸ்கரோடு தொழிலுக்குப் போகிற மொத்தக் கூட்டமும் வேனில் ஏறிக்கொண்டது. போட்டில் எதையும் கூடிப் பேசித்தான் முடிவெடுப்பார்களாம். அவள் படிப்பு என்ன, வலை போடுகிற இடமா?

புழலைத் தாண்டியிருந்த அந்தத் தனியார் கல்லூரியில் இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். துரை நேரே கேண்டீனில் நுழைந்து பிரியாணி தின்று பார்த்தான். மஜீது ஒவ்வொரு கக்கூஸாகக் குழாயைத் திறந்து மூடினார். பாஸ்கர் வழக்கம்போலக் கட்டடத்துக்குப் பின்னால் காணாமல் போனார். போன வாரம் பார்த்த காலேஜிலும் இதே வேலைதான். பீடிக்கு ஒதுங்குகிறார், அது கூடவா செங்கொடிக்குத் தெரியாது?

துரை வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். “சோக்கா கீதும்மா! நீச்சல் கொளம் கீது, ஏசி பஸ்ஸு கீது, இன்னும் இன்னா வோணும் உனக்கு?”

“திருவொத்தியூர்ல கடல வாசல்ல வெச்சிகினு நீச்சல் கொளம் பாக்க வந்தியாண்ணா? கெமிஸ்ட்ரி லேப பாத்தியா? பூட்டே துருப்புடிச்சி கீது.”

அவளுக்குப் பிடித்தது ஊருக்குள் இருந்த பழைய அரசுக் கல்லூரி. சுவரெல்லாம் காரை பெயர்ந்து கிடந்தது, கேண்டீன் என்று பேருக்கு ஒரு டீக்கடை. ஆனால் லேபில் பிள்ளைகள் சாயங்காலம் வரை வேலை செய்துகொண்டிருந்தார்கள். சந்தேகம் கேட்டால் உட்கார வைத்துச் சொல்லித்தரும் பேராசிரியை இருந்தார். ஹாஸ்டல் மட்டும் கிடையாது. இடமும் கிடைத்துவிட்டது, நாளைக்குள் போய்ச் சேர வேண்டும். பாஸ்கரோ இந்தப் புழல் காலேஜையே பிடித்துக்கொண்டு தொங்கினார். ஏனென்று கேட்டால், “மரம் கீதுல்ல” என்பார். மரமா வந்து பாடம் நடத்தும்?

பொறுத்தது போதும் என்று கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். பீடியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பாஸ்கர் மூக்கை நிமிர்த்தி வெட்டவெளியில் நின்றிருந்தார்.

“இன்னா நைனா பண்ற?”

“காத்து பாக்கறேன். நம்ம வூட்டாண்ட அடிக்கிற கம்பெனி பொக நாத்தம் இங்க வரல. ஹாஸ்டல்ல தங்குனா ராத்திரில உனக்கு மூச்சு இழுக்காது.”

செங்கொடிக்குச் சுரீரென்றது. “இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னா எனக்கு ஒண்ணுமில்லன்னுவ. மருந்து இழுக்கறத கூட போர்வைக்குள்ள ஒளிச்சிகினுதான இழுக்கற?”

ஆனாலும் அவள் விடவில்லை. “எனக்கு அந்த லேபுதான் வோணும் நைனா.”

பாஸ்கர் தலையைச் சொறிந்தார். “செரி, அதுலயே சேரு. நாம வூட்ட இந்தப் பக்கம் மாத்திக்கலாம்.”

“கடல வுட்டுட்டா? தொழிலுக்கு எப்டி போவ?”

“வண்டில போறேன். கொஞ்சம் முன்னாடி எழுந்துக்கறேன், அவ்ளோதான?”

கல்யாணத்துக்கு வெளியூர் போனால்கூட, அலைச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று விடியுமுன் திரும்பிவிடுகிற மனுஷன் பேசுகிற பேச்சு இது. செங்கொடிக்கு வந்த ஆத்திரத்தில் கண்தான் நிறைந்தது.

அந்த நேரம் பார்த்து துரை ஓடி வந்தான். “இன்னாம்மா, முடிவாச்சா?”

“போண்ணா. இந்த ஆளோட ஒரு சண்ட கூட ஒயுங்கா போட முடியல.”