நீலத் தாளைக் கடித்துச் சொன்ன பொய்

என் வாயின் இடது பக்கத்தில் மூன்று மாதம் ஒரு மலை இருந்தது. நமுனுகுலை மலையில் பாதி உயரம் என்று நான் சொன்னால், அரிசி மணியளவுகூட இருக்காது என்பாள் என் மனைவி விஜயலெட்சுமி. அவளுக்கு என்ன, மலை அவள் வாயிலா இருந்தது?

கீழ்க்கடைவாயில் மூன்று பற்களுக்குக் கிரவுன் போட்டுக்கொண்டேன். பல்லைச் சுற்றிலும் செதுக்கி, அதன்மேல் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி ஒட்டிவிடுவார்கள். போட்டவர் டொக்டர் ரொஷானி. எங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து பல் வைத்தியம் படித்து வந்த முதல் பிள்ளை. அவளுடைய தகப்பன் யாகோப்பு என் நாற்பது வருடக் கூட்டாளி. அவர் பெக்டரியில் இருந்தார், நான் மலையில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை. இப்போது இரண்டு பேரும் ஓய்வு. பண்டாரவளையில் ஒரு பாமசிக்கு மேல்மாடியில் மகள் கிளினிக் திறந்ததிலிருந்து யாகோப்பு தினமும் காலை பஸ்ஸில் போய், வெளியே நோயாளிகளோடு உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தக் கிளினிக்கில் முதல் கிரவுன் எனக்குத்தான். அந்தப் பெருமைக்காக நல்ல பல்லையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

பிழை நடந்தது கிரவுன் ஒட்டிய அன்றைக்கு. ரொஷானி ஒரு நீலத் தாளை என் பற்களுக்கு நடுவில் வைத்து, கடிக்கச் சொன்னாள். தாளின் மை எங்கே அழுத்தமாகப் பதிகிறதோ அங்கே உயரம் கூட என்று அர்த்தமாம். அதோடு நோயாளியும் சொல்ல வேண்டுமாம். உயரமாகத் தெரிகிறதா என்று கேட்டாள். சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி இருந்தது. நான் சொன்னேன், "சரிங்க." கொஞ்சம் ராவிவிட்டு மறுபடி கேட்டாள். கல் அங்கேயேதான் இருந்தது. "சரிங்க." மூன்றாம் தரமும் அதையேதான் சொன்னேன்.

முப்பத்திநாலு வருடம் விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், தோட்டத்தை நடத்தும் துரைக்கு முன்னால் நின்றவன் நான். எல்லாம் சரியா என்று துரை கேட்பார். முதல் நாள் மண் சரிந்து பாதி மலை ரோட்டில் கிடக்கும், குளவி கொட்டி ஒரு கொந்தரப்புக் கூட்டமே ஆஸ்பத்திரியில் கிடக்கும். நாங்கள் "சரிங்க" என்போம். குறை சொன்னால் அது சொன்னவன் தலையில்தான் வந்து விழும். ஆகையால் வெள்ளைக் கோட்டும் முகத்தில் அடிக்கும் வெளிச்சமுமாக ஒருவர் கேள்வி கேட்டதும், மூக்கொழுகத் திரிந்த காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த பிள்ளைதான் அது என்பதை என் வாய் மறந்துவிட்டது.

அதோடு நிறுத்தினேனா? கோயிலில், பஸ்ஸில், சந்தையில் எல்லாம் ரொஷானி போட்ட பல்லால் பண்டாரவளை ஸ்டேஷன் தண்டவாளத்தைக் கடித்துத் துண்டாக்கலாம் என்று சொல்லித் திரிந்தேன். அதைக் கேட்டு நாற்பது பேராவது அவளிடம் போயிருப்பார்கள். ஒன்பது பேர் என்பாள் விஜயலெட்சுமி.

இங்கே என் வாய் படும் பாடு எனக்குத்தான் தெரியும். இடது பக்கம் மெல்லவே முடியாது. ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊற வைத்து விழுங்கினேன். தாடை நோவு காது வரைக்கும் ஏறியது. கடைசிக் கிரவுனைச் சுற்றி ஈறு வீங்கிச் சிவந்து, பல் விளக்கினால் இரத்தம். அந்த இடுக்கில் ஒருநாள் மாட்டிய கீரையை மறுநாள்தான் எடுத்தேன். போய்ச் சொல்லுங்கள் என்று விஜயலெட்சுமி சொல்லாத நாளில்லை.

எப்படிச் சொல்வது? ஆள் சேர்த்துவிட்டவனே போய்ப் பல் சரியில்லை என்றால், தோட்டத்துப் பிள்ளை செய்த வேலைதானே என்று ஊர் ஒரே வார்த்தையில் முடித்துவிடும். அப்புறம் அந்த மாடிப்படியில் யார் ஏறுவார்கள்? அந்த வார்த்தை என் வாயிலிருந்து கிளம்பியதாக இருக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசைதான். கடிக்கத்தான் முடியவில்லையே.

கடைசியில் யாருக்கும் தெரியாமல் பதுளையில் ஒரு வயதான டொக்டரிடம் காட்டுவது என்று புறப்பட்டேன். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டில் யாகோப்பு. எங்கே பயணம் என்று கேட்டார். கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், அலுவல் என்றேன், காணி, உறுதிப் பத்திரம், கையெழுத்து என்று பண்டாரவளை வரைக்கும் கதை வளர்த்தேன். அவர் இறங்கும்போது எனக்குப் பதினாறு ஏக்கர் காணி சேர்ந்திருந்தது. பல் எப்படி என்று படிக்கட்டில் நின்று கேட்டார். இரும்பு என்றேன்.

பதுளை டொக்டர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். மெல்லிய கம்பி ஒன்றால் ஈறைத் தொட்டுப் பார்த்தார், தாளைக் கடிக்கச் சொன்னார். நல்ல வேலை, இரண்டு கிரவுன் உயரம் மட்டும்தான் கூட, கடைசியின் விளிம்பு சரியாகப் பொருந்தவில்லை, சாப்பாடு உள்ளே போகிறது, அதை மாற்றும் வரைக்கும் ஈறு ஆறாது என்றார். நீங்களே மாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கையுறையைக் கழற்றினார்.

"நான் செஞ்சு குடுத்தா உங்களுக்கு நல்லதுதான் ஐயா. ஆனா போட்ட டொக்டருக்குத் தெரியாம போயிரும். அடுத்த ஆளுக்கும் இப்படியே போடுவாங்க. அவங்ககிட்டயே போங்க."

பதுளையிலிருந்து வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவள் பிழையை அவளிடமிருந்தே மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் பண்டாரவளைக்குப் போனேன். மாடியில் வழக்கமான இடத்தில் யாகோப்பு. காத்திருந்தது முப்பது பேர் என்பேன், நாற்காலி ஆறுதான். உள்ளே போய், கதவு சாத்தியதும், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். பதுளைக்குப் போனதையும் மறைக்கவில்லை. ரொஷானி குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, எப்படி இருக்கிறது என்றாள்.

"சரிங்க" என்றது என் வாய்.

அவள் தாளை எடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்து என் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

"மாமா, எங்கப்பாவும் இப்படித்தான். காலு ஒடஞ்சாலும் சரிங்கன்னுதான் சொல்லுவாரு. நீங்க மொதல்ல என்னய ஏசுங்க. அதுக்கு அப்புறந்தான் மிசின எடுப்பேன்."

"ஒன்னயப் போயி எப்படி புள்ள ஏசுறது?"

"பல்ல ஏசுங்க."

ஏசினேன். முதலில் திக்கியது, பிறகு வழுக்கியது. நடுப்பல் மலை, மேலே கோயில் கட்டலாம், பின்பல் கீரைக்கடை, மூன்று மாதமாகக் கஞ்சி குடித்து நான் கைப்பிள்ளையாகிவிட்டேன் என்று கால்மணி நேரம் ஏசினேன். அவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் எழுதினாள். அப்புறம் ராவினாள், கேட்டாள். கல் இன்னும் இருக்கிறது என்றேன். மறுபடி ராவினாள். நாலாவது தடவை பல்லோடு பல் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

கடைசிக் கிரவுனைப் பார்த்தபோது அவள் சிரிப்பு நின்றது. கம்பியை விளிம்பில் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தாள்.

"உயரத்த நீங்க மறச்சீங்க. இது எம் பிழை மாமா. கழட்டிட்டு புதுசா செய்யணும்."

முகம் வெளுத்திருந்தது. ஈறைக் கழுவி மருந்து வைத்து, இரண்டு வாரத்துக்கு உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொன்னாள்.

வெளியே வந்தேன். யாகோப்பு எழுந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எப்படி கணக்கப்பிள்ள, எம் மக வேல?" என்றார். கதவு திறந்திருந்தது. உள்ளே அவளும் நின்றிருந்தாள். தண்டவாளக் கதை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"மூணுல ஒன்னு சரியில்ல யாகோப்பு. மத்த ரெண்டையும் சரியில்லன்னு சொல்லாம நாந்தான் கெடுத்தேன். சொன்னவொடனே திருத்திட்டா. கெட்டது அவ பிழைன்னு அவளே சொல்றா. முப்பத்திநாலு வருசத்துல எந்தத் தொரையும் எங்கிட்ட அப்படி சொன்னதில்ல. மத்ததுக்கும் நான் இங்கதான் வருவேன்."

யாகோப்புவின் முகம் விழுந்தது. இரண்டு பேர் எழுந்து படியிறங்கப்போகிறார்கள் என்றே நினைத்தேன். எழுந்தது ஒருவர்தான். மூலையில் சால்வையைக் கன்னத்தோடு பொத்திக்கொண்டிருந்த இராக்கம்மா, எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள், நான் சொல்லிக் கேட்டுப் பல் கட்ட வந்தவள்.

"எனக்கும் போன மாசம் கட்டுனதுல இந்தப் பக்கம் லேசா உறுத்துதுங்க" என்றாள். "கேட்டப்ப சரின்னுட்டேன்."

அவளுக்கு அடுத்திருந்தவர் தொண்டையைச் செருமினார். தன் பல்லில் ஐஸ் தண்ணீர் பட்டால் கூசுகிறது, சொல்லக் கூச்சமாக இருந்தது என்றார். ரொஷானி கதவைப் பிடித்தபடி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தகப்பனிடம், "அப்பா, இன்னைக்கு வீட்டுக்குப் போக நேரமாகும்" என்றாள். யாகோப்பு இராக்கம்மாவின் பையை வாங்கி, தன் நாற்காலியில் வைத்துக்கொண்டார். இராக்கம்மா உள்ளே போனாள்.