காதுக்குப் பின்னால் ஒரு ரேகை

அப்பாவின் கைக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைச் சிவசங்கரி அவிழ்த்தாள். ஐஸ்பெட்டி வருவதற்குள் முடித்தாக வேண்டும். அம்மா வாசலில் பெண்களோடு அழுதுகொண்டிருந்தாள். கதவைச் சாத்தியாயிற்று. மடியில் ஈரச் சாக்குக்குள் அப்பா கடைசியாகச் செய்த களிமண் தலை இருந்தது.

வேப்பூர் பஸ்ஸில் தூங்கி வழிகிறவர்களின் தலைகளைத்தான் அப்பா கோவிந்தராசு செய்வார். மனசுக்குப் பிடித்தால் காதுக்குப் பின்னால் கட்டைவிரலை அழுத்தி ரேகை பதித்துச் சூளைக்கு அனுப்புவார். பிடிக்காவிட்டால் பிசைந்து மறுபடி மண்ணாக்கிவிடுவார். ஊர் அவரைக் கிறுக்கன் என்றது. கண்காட்சிக்குக் கொண்டுபோன தலைகளில் பாதிக்குமேல் விற்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தன.

காலையில் சென்னை கேலரியிலிருந்து திலீபன் போனில் பேசினான். துக்கம் விசாரித்துவிட்டு, இருப்பதில் எதையும் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்றான்.

"இனிமே சார் செய்யப்போறதில்ல இல்லைங்களா, விலை ஏறும். கடைசிப் பீஸ்னா அதுக்குத் தனி மதிப்பு. ஆனா ரேகை இல்லாததை ஏலத்துல தொடமாட்டாங்க." பிறகு கேட்டான், "மண்ணு இன்னும் ஈரமா இருக்குங்களா?"

போனை வைத்துவிட்டு, அப்பா ரேகை வைக்காமல் விட்டிருந்த அந்தக் கடைசித் தலையின் மேல் சாக்கை நனைத்துப் போட்டாள்.

உயிரோடு இருந்தவரை யாரும் மதிக்காத மனுஷன், செத்த பிறகாவது மதிக்கப்படட்டும் என்றுதான் நினைத்தாள். நினைக்கும்போதே உடம்பு கூசியது. விறைத்த விரல் வளையவில்லை. மண் தலையைத்தான் தூக்கி விரலிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. ரேகை சுத்தமாக விழுந்தது. முந்தானையால் விரலைத் துடைத்து, துணியைப் பழையபடி கட்டினாள்.

சாயங்காலம் குளிப்பாட்டினார்கள். சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை, அப்பாவின் கட்டைவிரல் நகக்கண்ணில் இருந்த மண்ணைச் சுரண்டப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத கழுவாதீங்க. அவரோடயே போவட்டும்."

பிறகு மகளைப் பார்த்தாள். அன்று முழுக்க அழுது வீங்கியிருந்த முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்திருந்தது.

"புடிச்சிருந்தாதான உங்கப்பா வெரலு வைப்பாரு. நேத்து எதுக்கோ வெச்சிருக்காரு பாரு, சங்கரி. மனசு நெறஞ்சுதான் போயிருக்காரு."

சிவசங்கரி குனிந்து, செம்பிலிருந்த தண்ணீரை அப்பாவின் காலில் ஊற்றினாள்.