ஆனேக்கல் வீட்டுக்காரர் ஏன் பதில் போடவில்லை

1

இந்தக் கதையை நான் கோபத்தில்தான் ஆரம்பித்தேன். விடுமுறைக்கு நான் பதிவு செய்திருந்த ஒரு வீட்டின் சொந்தக்காரர், நான் அனுப்பிய எந்தச் செய்திக்கும் பதில் போடவில்லை. ஊர் பேர் வேண்டாம். அவர் இதைப் படிக்கக்கூடும். (படிப்பார். பதில்தான் போடமாட்டார்.) கையில் சிக்காத ஆளைக் கதையில் உட்காரவைத்து வறுத்தெடுக்கலாம் என்பது எழுதுகிறவனுக்கு இருக்கிற ஒரே வசதி. ஆகவே இப்படித் தொடங்கினேன்:

"அனந்தபத்மநாபன் ஒரு கல்நெஞ்சக்காரர். ஜெயநகரில் சொந்த வீடு, ஆனேக்கல் பக்கம் மாந்தோப்புக்குள் வாடகைக்கு விட ஒரு வீடு, ஆனால் மனசாட்சி என்று ஒன்று அவருக்கு எந்த ஏரியாவிலும்—"

இதற்கு மேல் ஓடவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

2

யாமினி வந்தபிறகு என் கோபம் எடுபடவில்லை. அந்த மாந்தோப்பு வீட்டைப் பதிவு செய்தவள் அவள். ஊர் குடியாத்தம், குடித்தனம் பெங்களூரு ஓரத்துச் சந்தாபுராவில், வேலை வைட்ஃபீல்டில். அந்த வழி நெரிசலில் தினமும் போய்வருகிறவளுக்குப் பொறுமையைப் பற்றி நான் பாடம் எடுக்க முடியாது. அப்படிப்பட்டவள் ஆபீஸ் பஸ்ஸில் போனையே பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கம் சார். சனிக்கிழமை காலையில் வருகிறோம். சாவியை யாரிடம் வாங்குவது?" என்று முதலில் கேட்டிருந்தாள். அப்புறம், "சார், ஒரு ஓகே மட்டும் போட்டால் போதும்." அப்புறம், "சார், ப்ளீஸ்." கடைசியாக, "சார்?"

எல்லாவற்றுக்கும் நீல டிக் விழுந்திருந்தது. பார்த்திருக்கிறார். போன் அடித்தால் மணி முழுசாகப் போய் ஓய்ந்தது.

இரண்டு நாள் விடுமுறைக்கு இத்தனை பதற்றமா என்று நீங்கள் கேட்கலாம். விடுமுறை இல்லை. அந்த வீடு அவள் அப்பாவுக்காக.

அப்பா சுப்பராயன், குடியாத்தத்தில் பத்திர எழுத்தராக இருந்து ஓய்ந்தவர். யாமினி தங்கவயல்காரனான கிளெமென்ட்டைக் காதலித்து, ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் கிறிஸ்தவன் என்பதில் அவருக்கு வருத்தம் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. ஊரில் பாதிப் பேருடைய பத்திரத்துக்குச் சாட்சி தேடிக் கொடுத்தவர் அவர். பெற்ற மகளின் பதிவுக்கு, ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் சாட்சி போட்டிருந்தார்கள். "அந்தத் தம்பி பேர்ல இருக்கற எந்த வாசப்படியும் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மகளைக் கல்யாண மண்டபங்களிலும் பஸ் ஸ்டாண்டுகளிலும்தான் பார்த்துவந்தார்.

அதற்கு யாமினி கண்டுபிடித்த வழிதான் இந்த வாடகை வீடு.

"உங்க வீடும் வேணாம், எங்க வீடும் வேணாம்பா. ரெண்டு நாள் வேற ஒரு வீட்ல இருக்கலாம்."

சுப்பராயன் போனிலேயே விசாரணையைத் தொடங்கினார். "வீடு யார் பேர்ல?"

"உங்க பேர்லதான் புக் பண்றேன். உங்க நம்பரையே குடுத்துடறேன்."

"அப்போ அந்த ரெண்டு நாளைக்கு அனுபோகம்* என்னுது."

"ஆமாம்பா."

"நான் கூப்ட்டு நீங்க ரெண்டு பேரும் வர்றீங்க."

"ஆமாம்பா. நாங்க உங்க விருந்தாளி."

"வில்லங்கம் ஒண்ணும் இல்லியே?"

"இல்லப்பா."

"சரி பாப்பா. வரேன்."

மனுஷன் ஒரு தடவை இறங்கி வந்திருக்கிறார். வீடு இல்லை என்று இப்போது சொன்னால் பழையபடி ஏறிக்கொள்வார். அடுத்த தடவை என்று ஒன்று இருக்குமா என்பது யாமினிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

* சொத்து ஒருவர் கையில் இருந்து, அதை அவர் ஆண்டு வருவது. பத்திரத்தில் "சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்து" என்று வருமே, அது.

(யாமினியின் அம்மா எங்கே என்று யாராவது கேட்பீர்கள். முதல் வரைவில் காலமாகிவிட்டார் என்று எழுதினேன். கதை வசதிக்காக ஒரு பாவமும் அறியாத அம்மாளைச் சாகடிப்பது நியாயமாகப் படவில்லை. அவருடைய தங்கை மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ஆரணிக்கு அனுப்பிவிட்டேன். அவர் இங்கே இருந்திருந்தால் "வாய மூடிக்கினு கார்ல ஏறுங்க" என்று கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், எனக்குக் கதையே இருந்திருக்காது.)

3

சுப்பராயனை முதலில் முறுக்கு மீசையும் உரத்த குரலுமாக எழுதினேன். "வாசலில் நின்று உறுமினார்" என்றுகூட ஒரு வரி. அவர் உறுமுகிற ஆளே இல்லை. தினமும் காலையில் மகளுக்குப் போன் செய்கிறவர். பேசுவது என்னவோ இவ்வளவுதான்:

"அங்க மழையா?"

"இல்லப்பா."

"இங்கியும் இல்ல. வெச்சிடட்டா?"

தினமும் பெங்களூரு மழையை விசாரிக்கிற வில்லனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மீசையை எடுத்துவிட்டேன்.

அந்த வாரம் மட்டும் மழைக்கு அப்புறம் ஒரு கேள்வி கூடுதலாக வந்தது. "அந்த வீட்டுக்காரர் ஏதாச்சும் சொன்னாரா?"

"சொல்லிடுவாருப்பா. நீங்க கிளம்பி வாங்க."

"சரி சரி."

வராமல் இருக்கச் சாக்குத் தேடுகிறார் என்றே யாமினிக்குப் பட்டது. சாயங்காலம் கிளெமென்ட்டிடம் சொன்னாள். அவன் பீரோ கண்ணாடி முன்னால் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றுகொண்டிருந்தான்.

"இன்னா யாமி, பேசாம இத கேன்சல் பண்ணிட்டு வேற வீடு பாக்கலாமே?"

"வேற வீடுன்னா திரும்ப அவரக் கேக்கணும். கேட்டா திரும்ப யோசிப்பாரு. யோசிச்சா வரமாட்டாரு."

"அப்போ மாமாகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிடு."

"சொன்னா, 'சரி பாப்பா, இன்னொரு தடவ பாத்துக்கலாம்'னு நல்லாத்தான் சொல்வாரு. அந்த இன்னொரு தடவ வர்றதுக்குள்ள..."

இந்த வாக்கியத்தை அவளும் முடிக்கவில்லை, நானும் முடிக்கவில்லை.

கிளெமென்ட் சட்டைக் காலரைச் சரிசெய்தான். "எனக்கு வேற ஒரு டவுட்டு. அவர் வந்து எறங்குனதும் 'வாங்க மாமா'ன்னு சொல்லலாமா? அது அவர் வீடு. நாமதான் விருந்தாளி. நாம எப்டி அவர வாங்கன்றது?"

கவலைக்கு நடுவே யாமினி சிரித்துவிட்டாள். எனக்கு இந்தப் பையனைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

4

யாமினி அழும் காட்சி ஒன்று இங்கே இருந்தது. அவள் அழுகிற ரகம் இல்லை என்பதால் எடுத்துவிட்டேன்.

5

சனிக்கிழமை காலை அத்திபெலேயில் சுப்பராயன் பஸ்ஸைவிட்டு இறங்கினார். வெள்ளை வேட்டி, காலில் தேய்ந்த தோல் செருப்பு, தோளில் ஒரு பை. கிளெமென்ட் இரண்டடி முன்னால் போய், ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து, "பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா மாமா?" என்றான்.

"கெடச்சுது" என்றார் சுப்பராயன், வெள்ளரிக்காய் விற்கிறவளைப் பார்த்தபடி.

காரில் யாமினி மடியில் போனை வைத்துக்கொண்டு, சாவி எங்கே என்று அப்பா கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தாள். அவர் கேட்கவேயில்லை. அத்தனை கேள்வி கேட்கிற மனுஷர் அதை ஏன் கேட்கவில்லை என்று அவளுக்கும் அப்போது உறைக்கவில்லை.

மாந்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கேட்டில் பெரிய பூட்டு. அதற்குப் பின்னால் ஒரு நாய், அதுவும் குரைக்கவில்லை. யாரிடமிருந்தும் பதில் கிடைக்காத இடமாக இருந்தது.

"இருங்கப்பா, பக்கத்துல கேட்டுட்டு வரேன்" என்று யாமினி இறங்கி, அடுத்திருந்த ரோஜாத் தோட்டத்துக்கு ஓடினாள். அங்கே பூக்கட்டு அடுக்கிக்கொண்டிருந்த அம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் போனிலிருந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். இந்த நம்பரை அவர் உடனே எடுத்தார். "சார், இவ்ரு மாத்தாட்பேக்கந்தே" என்று, இவர் பேச வேண்டுமாம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிப் போனை யாமினியிடம் நீட்டினாள்.

"சார், நான் யாமினி. உங்க கேட்டு வாசல்லதான் நிக்கறோம்."

"ஐயோ, வந்தே வந்துட்டேளா!" என்றார் அனந்தபத்மநாபன். "போர்வெல் மோட்டார் சுட்டுப்போச்சும்மா. வீட்ல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. அன்னிக்கே உங்க அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேனே."

"அப்பாவுக்கா?"

"அவர் பேர்லதானே புக்கிங்? அவர் நம்பர்தானே இருந்தது? வேற வீடு பாத்துத் தரட்டுமான்னுகூடக் கேட்டேன். வேண்டாம்னுட்டார். 'என் மகளுக்கு இது தெரியக்கூடாது, அவ மெசேஜ் போட்டா பதில் போடாதீங்க, போன் பண்ணா எடுக்காதீங்க, பெரிய மனசு பண்ணுங்க'ன்னு கேட்டுண்டார். வயசுல பெரியவர், நான் என்ன பண்றது? நீங்க 'சார்'னு மட்டும் ஒண்ணு போட்டிருந்தேளே, அன்னிக்கு எனக்குச் சாப்பாடே இறங்கலை."

(கல்நெஞ்சக்காரர் என்று எழுதியதற்கு மன்னிக்கவும் சார்.)

தெரியாத நம்பரை எடுக்கவே கூடாது என்று அப்பாவுக்குப் பாடம் எடுத்தவள் யாமினிதான். அவர் எடுத்திருக்கிறார். எடுத்துப் பேசி, ஏற்பாடும் செய்திருக்கிறார். வீடு இல்லை என்று தெரிந்துகொண்டே குடியாத்தத்தில் பஸ் ஏறியிருக்கிறார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யாமினி ரோஜாக் கட்டுகளுக்கு நடுவே அப்படியே நின்றாள். அழுகிற ரகம் இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள்.

6

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது சுப்பராயன் பூட்டை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடிப்பு அவருக்குச் சுத்தமாக வராது.

"இன்னா பாப்பா இது, பூட்டிக்கீது! இன்னா மனுஷன் இவன்! ஒரு வார்த்த சொல்ல வேணாம்?"

கிளெமென்ட் வேர்த்து வழிந்தான். "தப்பு எங்க மேலதான் மாமா. மன்னிச்சுக்கங்க."

"நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்" என்றார் அவர். அவனிடம் நேராக அவர் பேசிய முதல் வாக்கியம் அது. பிறகு அண்ணாந்து, "மழ வேற வர்ற மாதிரி கீது" என்றார். வானத்தில் மருந்துக்குக்கூட மேகமில்லை. "வயசான காலத்துல நடுரோட்ல நிக்க முடியுமா? இங்கருந்து கிட்ட எது, சந்தாபுராவா?"

இந்த இடத்தில் என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

முதலாவதில் யாமினி, "எனக்கு எல்லாம் தெரியும்பா" என்று அவரைக் கட்டிக்கொள்கிறாள். எழுதிப் பார்த்தேன். கட்டிக்கொண்ட கையோடு அவர் முகம் சுருங்கிவிட்டது; சொன்ன சொல்லை மீறியவர் என்று மகள் முன்னால் ஆகிவிட்டாரே. "அத்திபெலேல என்ன எறக்கி வுட்டுடுங்க" என்றார். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவதில் அவள் கடைசிவரைக்கும் சொல்வதில்லை. கிளெமென்ட்டுக்குக்கூட. இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒருவர் தன் மேல் வைத்த அத்தனை பிரியத்தைத் தெரிந்துகொண்டு, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமலே காலம் தள்ளுவது சுலபமா? அதை அவள் தலையில் கட்ட நான் யார்?

மூன்றாவது, போகிற வழியில் அவரே உடைத்துச் சொல்லி—

வேண்டாம். பத்திர எழுத்தர் அவர். எதை மாற்றி எழுதுவதானாலும் அவருக்கு ஒரு காரணம் வேண்டும். மகள் வீட்டுப் படியேறக் கஷ்டப்பட்டு ஒரு காரணத்தைத் தயார்செய்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதை அவர் வாயாலேயே கெடுக்கவைப்பது பாவம்.

எனக்கு வேறு வழி தெரியாமல் யாமினியையே கேட்டேன். அம்மா தாயே, அப்பாவிடம் சொல்லப்போகிறாயா, மாட்டாயா? இதை நான் முடிக்க வேண்டும்.

அவள் அப்பாவின் பையை வாங்கிப் பின் சீட்டில் வைத்தாள். அவரை முன் சீட்டில் உட்காரவைத்து, வேட்டி நுனி வெளியே தொங்குகிறதா என்று பார்த்து, கதவைச் சாத்தினாள். "ஏசி போடு கிளெம், அப்பாவுக்கு வேர்க்குது" என்றபடி பின்னால் ஏறிக்கொண்டாள். கார் சந்தாபுராப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை.

சந்தாபுராப் பக்கம் நீங்கள் போவதுண்டா? யாமினியின் மூன்றாவது மாடி வீட்டு வாசலில் தேய்ந்துபோன தோல் செருப்பு ஒரு ஜோடி கிடக்கிறதா என்று மட்டும் எட்டிப் பாருங்கள். கிடந்தால் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும். யாமினி சொல்லிவிட்டாளா, சொல்லாமல் வைத்திருக்கிறாளா என்பது அவர்கள் சிரிக்கிற விதத்திலிருந்தே உங்களுக்குப் பிடிபட்டுவிடும். எனக்கு வந்து சொல்ல வேண்டாம். காலிங் பெல்லையும் அடித்துவிடாதீர்கள்.